மொய் வைக்கிற கம்பெனி

"முதல்ல ஒரு ரூபாய் அனுப்பிப் பாரு. அது ஒழுங்கா போச்சுன்னா மீதியை அனுப்பலாம்."

போனில் நீங்கள் யாரிடமோ சொன்னது காதில் விழுந்துவிட்டது, அக்கா. ஒட்டுக்கேட்கவில்லை. பக்கத்து இருக்கை, பஸ்ஸில் பாட்டும் ஓடவில்லை, விழாமல் என்ன செய்யும்?

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. கல்லூரியில் மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கே என் குரல் சரியாகத் தெரியாது. கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கக்கூட எனக்கு வராது, பேசாமல் இறங்கிப் போய்விடுவேன். ஆனால் அந்த ஒரு ரூபாய் விஷயத்தைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு திருச்சி வரை வர முடியாது போலிருக்கிறது. கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் கண்ணை மூடித் தூங்குங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

நம் ஜனங்கள் கத்தரிக்காய் வாங்கினால் காம்பு வரை திருப்பிப் பார்ப்பார்கள். பணம் போகிற இடத்தை மட்டும் ஒரு ரூபாயால் தட்டிப் பார்ப்பார்கள், தேங்காயைத் தட்டுகிற மாதிரி. சத்தம் நன்றாக இருந்தால் போதும். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டைச் சொல்கிறேன்.

எங்களுக்குக் கரூர், வெங்கமேடு. நான் எம்.காம். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன், திருச்சியில் விடுதியில் தங்கி, ஆனால் அடிக்கடி வீட்டுக்கு வந்துவிடுவேன். அண்ணன் பாலமுரளி பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறான். அண்ணி தமயந்தி ஆரி வேலை செய்கிறாள். கல்யாணப் பெண்கள் ப்ளவுஸில் மயில், தாமரை, பல்லக்கு என்று ஜரிகையிலும் மணியிலும் போடுகிறார்களே, அது. துணியை இழுத்துக் கட்டுகிற மர ஸ்டாண்டு ஒன்று எங்கள் ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். அம்மாவுக்கு அது பெரிய குறை.

"சீரியல் பாக்கணும்னா மயிலுக்கு மேல எட்டிப் பாக்க வேண்டியிருக்குது. ஊருல எந்த மாமியாளுக்கு இந்தக் கொடுமை?"

அண்ணி தலை நிமிராமல் சொல்வாள். "கொஞ்சம் பொறுங்கத்தை. மயில் நாளைக்கு மலேசியா போயிரும்."

அதுதான் விஷயம். மலேசியா. கோலாலம்பூரில் சரோஜினி என்று ஒரு அக்கா இவள் வேலையைப் பார்த்துவிட்டு அங்கே பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டாள். அங்கிருந்து கனடாவுக்குப் போனது. ஆவணிக் கல்யாணங்களுக்கு அளவு ப்ளவுஸ்கள் பார்சலில் வந்து குவிந்தன. வேலை இருந்தது. பணம் வருகிற வழிதான் இல்லை. நாம் காய்கறிக் கடையில் போனைக் காட்டி ஸ்கேன் செய்கிற கட்டத்தை வைத்து வெளிநாட்டுக்காரர்கள் பணம் அனுப்ப முடியாது. வங்கி வழியாக வரலாம், ஆனால் அண்ணியின் கணக்கில் இருப்பது அண்ணனின் போன் எண். கல்யாணமான புதிதில் அவன்தான் கணக்குத் தொடங்கிக் கொடுத்தான். பணம் வந்தால் முதலில் சத்தம் போடுவது அவன் சட்டைப் பை. அடுத்த நிமிடம், "வண்டியை மாத்திரலாமா தமயந்தி?" என்பான்.

அண்ணிக்கு வண்டி வேண்டாம். கோவை ரோட்டில் ஒரு தையல் சாமான் கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை காலியாக இருந்தது. சின்ன அறைதான், தெருப் பக்கம் ஜன்னல். ஒரு நாள் நூல் வாங்கப் போவதாகச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். சேலை முந்தானையைக் கையால் பிடித்துத் தரையில் நீட்டி, ஸ்டாண்டு எங்கே வரும், வருகிறவர்களுக்கு நாற்காலி எங்கே வரும் என்று அளந்து பார்த்தாள். வீட்டுக்காரர் முன்பணத்தோடு ஆடிக்குள் வரச் சொன்னார்.

"வெளிநாட்டுக்காரங்க பணம் அனுப்ப வேற எதாச்சும் வழி இருக்குதா பாரு, மேகலா. உங்கண்ணனுக்குச் சத்தம் போகாத வழியா."

"பாக்கறேன் அண்ணி."

"நீ படிச்சவ. நீ சரின்னா சரி."

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவளாகத்தான் கேட்டாள்.

முதலில் அண்ணியின் தம்பி லோகநாதன் பணம் வாங்கித் தருகிற சேவை ஒன்றைக் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்கு வருகிறவன். அந்தச் சேவையின் பெயரிலேயே 'நம்பிக்கை' இருந்தது. ஒருவர் வீட்டுக்குள் நுழையும்போதே "நான் திருட மாட்டேன்" என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சொம்பை எடுத்து உள்ளே வைப்பீர்கள். நான் அதைத்தான் செய்தேன்.

"எங்க ஆபீஸ்ல எல்லாரும் இதுலதான் மேகலா. ஆள் சேத்தா பாயிண்ட்டும் தர்றாங்க."

"நீங்க எத்தனை பேரைச் சேத்தீங்க?"

"உங்க வீட்டோட ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்."

ஆள் பிடிக்கிறவனுக்குப் புள்ளி கொடுக்கிற கம்பெனி எப்படிப்பட்டது என்று அவனுக்கு யோசிக்கத் தெரியவில்லை. தெரிந்தவன் சொன்னான் என்றால் போதும் இவர்களுக்கு. தெரிந்தவனுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது சென்னைக் கம்பெனி. இணையத்தில் நானே கண்டுபிடித்தேன். அவர்கள் பக்கத்தைத் திறந்தால் பொங்கல் வாழ்த்துச் சொல்கிறது, வைகாசி மாதத்தில். கரும்புப் படம் பாதிதான் வருகிறது. ஆனால் முகவரி கொடுத்திருந்தார்கள், அம்பத்தூரில். அண்ணன் சரக்கு விஷயமாகச் சென்னை போகிறவன்தானே, கல்லூரித் தோழிக்காகக் கேட்கிறேன் என்று சொல்லி, நேரமிருந்தால் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

போய்விட்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"சைக்கிள் கடை மாடி. நாலு பசங்க. நான் போனப்ப சாப்பிட்டுட்டு இருந்தாங்க. உட்காருங்கண்ணேன்னு தயிர்சாதம் போட்டு மோர்மிளகாய் வச்சாங்க. நல்ல பசங்க மேகலா, உன் தோழியைத் தைரியமா சேரச் சொல்லு."

"சோறு போட்டா நல்ல கம்பெனியாண்ணா?"

"இல்லாத கம்பெனி சோறு போடுமா?"

அம்மா இதற்கு அரை மணி நேரம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லைசென்ஸ் கேட்டாயா, பணத்தை எந்த வங்கியில் வைக்கிறார்கள் என்று கேட்டாயா என்றால், "கேட்டேன், எதையோ காமிச்சாங்க, சட்டம் போட்டு மாட்டியிருந்தாங்க" என்கிறான். எதையோ. என் அண்ணன் நம்பியது மோர்மிளகாயை. அதைத் தள்ளிவிட்டேன்.

பிறகுதான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். பெயரைச் சொல்ல மாட்டேன். விசாரணையில் இருக்கிற ஒரு நிறுவனத்தின் பெயரைப் பொது இடத்தில் சொல்லக் கூடாது, அவர்களுடைய விதிமுறைகளிலும் அப்படித்தான் இருக்கிறது.

அது எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். சுத்தமான பக்கம். வெள்ளையும் இளநீலமும். எதுவும் துள்ளவில்லை, மின்னவில்லை. கீழே சான்றிதழ் முத்திரைகள் வரிசையாக. விதிமுறைகளை முழுக்கப் படித்தேன். நீங்கள் எப்போதாவது படித்துப் பார்த்திருக்கிறீர்களா? எல்லாரும் கீழே போய் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துகிறவர்கள்தானே. நான் ஒவ்வொரு பிரிவாகப் படித்தேன், சந்தேகங்களை எழுதிக் கேட்டேன்.

எழுதிக் கேட்கலாம், அதுதான் எனக்கு முதலில் பிடித்தது. போன் எண்ணே கிடையாது. ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம், அதில் எழுதினால் நிறைமதி என்று ஒரு பெண் பதில் எழுதுவாள். என்ன மாதிரியான தமிழ் தெரியுமா? 'தாங்கள் பொறுத்திருந்தமைக்கு நன்றி' என்பாள். நாம் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டேனா என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வாள். இந்தப் பக்கம் வங்கிக்குப் போனால் கவுண்டரில் இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரு தடவை நிறைமதி எழுதினாள்: 'விதிமுறைகளை இவ்வளவு கவனமாகப் படிக்கும் வாடிக்கையாளரை நான் இதற்கு முன் கண்டதில்லை, மேகலா.' அது முகஸ்துதி இல்லை, உண்மை. உண்மையை ஒருவர் சொல்லும்போது நமக்குத் தெரியும்.

அண்ணிதான், "ஒரு தடவை போன் போட்டுப் பேசிரலாமே?" என்றாள். அவளுக்கு யாரிடமானாலும் வாயால் பேசினால்தான் திருப்தி. கோலாலம்பூர்க்காரியிடம் ப்ளவுஸின் கை நீளம் கேட்கப் போய் அவள் மாமனார் ஆபரேஷன் வரை கேட்டு வருகிறவள்.

"போன் நம்பர் இல்ல அண்ணி. பெரிய கம்பெனிகள் இப்ப எதையும் எழுத்துலதான் செய்வாங்க. பேச்சுக்கு என்ன சாட்சி?"

"அதுவும் சரிதான்," என்றாள்.

இனி அம்மா. அம்மா எதை நம்பினாள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. நமக்கு வருகிற ஒவ்வொரு தொகையோடும் அவர்கள் பங்குக்கு ஒரு ரூபாய் சேர்ப்பார்கள். ஐநூறு வந்தால் ஐநூற்று ஒன்று. சோதனைக்காகச் சரோஜினி அக்காவை ஐநூறு அனுப்பச் சொன்னோம். மறுநாள் என் வங்கிக் கணக்கில் ஐநூற்று ஒன்று வந்து நின்றது. அம்மாவிடம் காட்டினேன்.

"மொய் மாதிரி வைக்கிறாங்களே," என்றாள் அம்மா. அவள் கண்ணே கலங்கிவிட்டது. "நம்ம வழக்கம் தெரிஞ்ச குடும்பத்து ஆளுங்க நடத்தறாங்க போல. மொட்டையா ஐநூறு குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்குது பாரு."

மொய் வைக்கிற கம்பெனி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். அண்ணிகூட, "மொய்க் கம்பெனிக்காரங்க என்ன சொல்றாங்க?" என்றுதான் கேட்பாள். ஒரு ரூபாய்க்கு மயங்குகிற ஜனங்கள், அக்கா. அந்த ஒரு ரூபாய் விளம்பரச் செலவு என்று எனக்கு அப்போதே தெரியும். நான் அதைப் பார்த்துச் சேரவில்லை. முத்திரைகளையும் விதிமுறைகளையும் பார்த்துச் சேர்ந்தேன். இந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

அங்கே கணக்கை என் பெயரில்தான் தொடங்கியிருந்தோம். அண்ணனுக்குச் சத்தம் போகாது. பணம் வர வர அந்தக் கம்பெனிக் கணக்கிலேயே இருந்தது. அவ்வப்போது எடுத்தால் கட்டணம் உண்டு, பருவம் முடிந்து மொத்தமாக எடுத்தால் கட்டணமே இல்லை என்று நிறைமதி சொன்னாள். நல்ல யோசனையாகப் பட்டது. அண்ணியிடம் அதையே சொன்னேன். அவள் குனிந்தபடியே மணி கோத்தாள். அந்த இரண்டு மாதம் ஹாலிலிருந்து எத்தனை பல்லக்கு, எத்தனை யானை போயிருக்கும். அவ்வப்போது என் போனை வாங்கித் தொகையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். ஒரு தடவை கேட்டாள், "ஜன்னலுக்குத் திரை போடலாமா, இல்ல தெரு தெரியற மாதிரி விட்டுரலாமா மேகலா?" நான் என்னத்தைச் சொல்ல. அன்று எனக்கு மாதிரித் தேர்வு.

ஆடி நடுவில் மொத்தமாகக் கேட்டோம். சரிபார்ப்புத் தொகை கட்ட வேண்டும், பிறகு அதுவும் திரும்பி வரும் என்று பதில் வந்தது. வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். நான் விதிமுறைகளை எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு பிரிவு இருக்கத்தான் செய்தது. எழுத்தில் இருக்கிற ஒன்றுக்கு எப்படிக் கோபப்படுவது? அண்ணி நூல் வாங்க வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். கட்டினோம். அந்தத் தொகையையும் சரிபார்க்க இன்னொரு தொகை என்றார்கள். அண்ணி கம்மலைக் கழற்றினாள். அம்மா கேட்டதற்குக் காது புண்ணாகிவிட்டது என்றாள்.

பிறகு பதில் வரத் தாமதமானது. ஆனால் ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாக வரவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

இதற்கிடையில் கோவை ரோட்டு அறையைப் போனுக்கு உறை விற்கிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டார் வீட்டுக்காரர். அண்ணி அந்தப் பக்கம் போய் வந்தாளாம். ஜன்னலில் வரிசையாக உறைகள் தொங்குவதாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவள் என்ன செய்தாள் தெரியுமா? அண்ணனிடம் நேராகப் போய், "மோர்மிளகாய்ப் பசங்க நம்பர் இருக்குதா?" என்று கேட்டாள். எதற்கு என்று அவன் கேட்டான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், அறை, ஜன்னல், கம்மல், எல்லாம். இரண்டு மாதம் கட்டிக்காத்த ரகசியம். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அண்ணன் கத்துவான் என்று காத்திருந்தேன். சாவிக்கொத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். "ஒரு ரூம்புக்கு எங்கிட்ட கேட்டா நான் குடுக்காமயா போயிருவேன்?" என்று மட்டும் கேட்டானாம். கேட்டால் கொடுத்திருக்க மாட்டான், வண்டி வாங்கியிருப்பான். இவர்களுக்கு நடந்து முடிந்த பிறகுதான் பெருந்தன்மை வரும்.

அம்பத்தூர்ப் பையன்கள் போனில் சொன்னார்களாம்: "அக்கா, இவங்களைப் பத்திப் போன மாசமே ரெண்டு பேரு எங்ககிட்டக் கேட்டாங்க. லேட் பண்ணாம சைபர் போலீஸ் நம்பருக்குக் கூப்பிடுங்க. கணக்கு யார் பேர்ல இருக்குதோ அவங்க பேசினா நல்லது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது."

போட்டிக் கம்பெனிக்காரன் வேறு என்ன சொல்வான்?

ஆனாலும் புகார் கொடுப்பதற்கு நான் எதிர்ப்பில்லை. முறையாகச் செய்யலாம் என்றேன். எழுத்தில். ஒரு வரைவு தயாரித்தேன், தேதிவாரியாக. படித்துப் பார்த்தால் சில வாக்கியங்கள் கடுமையாக இருந்தன, திருத்தினேன். இன்னொன்றும் செய்தேன், அது நாகரிகம் என்று நினைத்ததால். நிறைமதிக்கு எழுதினேன். எங்கள் வீட்டில் காவல்துறைக்குப் போகலாம் என்கிறார்கள், உங்கள் தரப்பைத் தெரிவிக்க நியாயமான கால அவகாசம் தருகிறேன் என்று. 'தங்கள் நேர்மைக்கு நன்றி, மேகலா' என்று உடனே பதில் வந்தது. மறுநாள் அந்தப் பக்கம் பராமரிப்புப் பணிக்காக மூடியிருந்தது. தற்செயல்தான். எல்லாத் தளங்களுக்கும் பராமரிப்பு உண்டு.

அண்ணி அந்த அறிவிப்பை என் போனில் பார்த்தாள். நிறைமதிக்கு நான் எழுதியதன் நகலும் அதே போனில் இருந்தது, அதையும் பார்த்தாள். படித்துவிட்டுப் போனை என் மடியில் வைத்தாள். ஸ்டாண்டில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்தாள். யாருடைய ப்ளவுஸ் என்று கேட்டேன். மடித்ததைப் பையில் போட்டுக் கட்டினாள்.

நேற்றுக் காலை, அம்மா காய் வாங்கப் போயிருந்தாள். அண்ணன் வேலைக்குக் கிளம்பாமல் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான், துடைத்த இடத்தையே. அண்ணி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கூப்பிடு மேகலா."

"வரைவு இன்னும் முடியல அண்ணி. நாளைக்கு ஆன்லைன்ல ஏத்திடறேன்."

"கூப்பிடு."

அவளே எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்தாள். மணி அடித்தது. ஒரு ஆண் குரல், வயதான குரல், பக்கத்தில் வேறு போன்களும் அடித்துக்கொண்டிருந்தன. "சொல்லுங்கம்மா. என்ன நடந்துச்சு?" என்றார். என்னவென்று ஆரம்பிப்பது, சொல்லுங்கள். எந்தத் தேதியிலிருந்து? தெரியாத ஒரு ஆளிடம், இவ்வளவையும், வாயால்? "அம்மா, லைன்ல இருக்கீங்களா? பேசுங்கம்மா," என்றார். வாசலில் துணி உரசுகிற சத்தம் நின்றது. "இப்படிப் பேசாம இருந்தா அடுத்த ஆளை நான் எப்படிம்மா கவனிக்கிறது? உங்க பேர் என்ன?" எனக்கு உதடு அசைந்தது, காற்றுத்தான் வந்தது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்று உங்களிடம் முதலிலேயே சொன்னேன்.

அண்ணி என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மேகலா பேசறேங்க சார்," என்றாள். என் பிறந்த தேதியைச் சொன்னாள். நான் எந்தக் கல்லூரி, என்ன படித்தேன் என்று சொன்னாள். எந்த வங்கி என்பதை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பணம் யாருடையது என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

"எங்க அண்ணியோடதுங்க சார். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இது நல்ல கம்பெனின்னு நான்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு, போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, அவர் சொல்லச் சொல்லப் புகார் எண்ணைத் தையல் சாக்கட்டியால் மர ஸ்டாண்டின் மேல் எழுதினாள்.